ஐஸ் கட்டியும் ஹைப்போவும்: மெட்ராஸில் வீட்டிலேயே ஃபிலிம் கழுவிய காலம்



போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது பழைய நெகட்டிவ் சுருள்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊருக்கும் புகைப்படத்துக்கும் உறவு பழையது. 1850-ல் இங்கே கலைப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், அந்தப் பத்தாண்டிலேயே மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி உருவாகவும் காரணமாக இருந்தார். அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருடைய நெகட்டிவ் மெழுகு பூசிய காகிதம்!

நூறு வருடம் கழித்து, 1960-ல், உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் அந்தத் தொழிலுக்கு அவசியம். 1967-ல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் வெளிவரத் தொடங்கியது. கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோவும் இங்கே கிடைத்தது.

ஆர்வோ என்.பி. 15 என்பது 25 ஏ.எஸ்.ஏ. மட்டுமே கொண்ட மெதுவான ஃபிலிம். அதிலுள்ள வெள்ளி உப்புத் துகள்கள் மிகச் சிறியவை. அதனால் வெளிச்சம் அதிகம் வேண்டும். ஆனால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புடவைக் கரையின் இழை வரை தெரியும்.

கழுவுவதற்கு, கோடக் 1927-ல் கொண்டுவந்த டி-76 மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். பிறகு ஹைப்போ. அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்துவிட்டார்.

மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பார்கள். மே மாதத்தில் நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அதனால் மயிலாப்பூர் வீட்டுக் குளியலறையில், வென்டிலேட்டரைப் போர்வையால் அடைத்து ஃபிலிமை டேங்கில் ஏற்றுவேன். பிறகு ஐஸ் கட்டி போட்ட பேசினில் டேங்கை நிறுத்திவைத்துக் கழுவுவேன்.

1978 மே மாதம், கபாலீஸ்வரர் கோயில் குளப்படியில் அம்மாவை உட்காரவைத்துப் படம் எடுத்தேன். மருந்தைச் சரியாகக் குளிரவைத்தவன், அவசரத்தில் அலசுவதற்குக் குழாயை அப்படியே திறந்துவிட்டேன். குளிர்ந்திருந்த ஜெலட்டின் திடீர்ச் சூட்டில் உப்பி, வறண்ட ஏரிப் படுகை மாதிரி வெடித்தது. அம்மா அந்த ஐப்பசியில் போய்விட்டாள். நான் எடுத்த அவள் படம் அது ஒன்றுதான். மருந்து, அலசும் தண்ணீர், ஹைப்போ எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த விலை கொடுத்துக் கற்றேன்.

அந்தப் பாடம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் உதவியது. கோட்டூர்புரத்தில் உறவினர் வீட்டுத் தரைத்தளம் மூழ்கி, ஆல்பங்கள் கூழாகிவிட்டன. நெகட்டிவ்களை மட்டும் காயவிடாமல் தண்ணீரிலேயே வைத்து எடுத்துவரச் சொன்னேன். காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அவர்கள் கல்யாணப் படங்கள் பிழைத்தன.

உதகை ஆலை 1996-ல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது, இப்போது இயங்கவில்லை. உங்கள் பரணில் இருக்கும் சுருள்களும் காத்திருக்காது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியாக எடுத்துவையுங்கள். மற்றவற்றைக் காகித உறையில் போட்டு, சூடும் ஈரமும் இல்லாத அலமாரியில் வையுங்கள். செல்போனின் வெள்ளைத் திரைமேல் நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனில் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் முகங்கள் தெரியும்.

யார் முகம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். உதவி வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், வருகிறேன்.