தலையிடியும் தியானமும்

திருகோணமலை என்றதும் இயற்கைத் துறைமுகமும் கோணேசர் கோயிலும் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்நகரின் வடமேற்கே, பெரியகுளத்தின் அருகே உள்ள வெல்கம் விகாரையை நினைப்போர் சிலரே. சோழர் இலங்கையை ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் அது இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றிருந்தது. விளக்கெரிப்பதற்கு அன்பர் அளித்த கொடைகளை அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் கூறுகின்றன. அப்பள்ளி போற்றிய பௌத்த நெறியின் கூறொன்று, இன்று நீங்காத் தலையிடியால் வருந்துவோர்க்கு வைத்தியசாலைகளிற் பயிற்றப்படுகின்றது. அது வந்த வழி அறியத்தக்கது.

அக்கூறு சதிபட்டானம் எனப்படும் தியானமாகும். 'சதி' என்னும் பாளிச் சொல்லுக்கு நினைவு என்பது பொருள். உடல், நுகர்ச்சி, உள்ளம், உள்ளத்தில் எழும் பொருள்கள் ஆகிய நான்கையும் விருப்பு வெறுப்பின்றி நோக்கியிருத்தலே அதன் முறை. அநுருத்தர் என்னும் துறவி கடும் பிணியுற்றபோது, நோவு தம் மனத்தை வெல்லாதிருந்தமைக்கு இத்தியானமே காரணம் என்று கூறியதாகச் சங்யுத்த நிகாயம் உரைக்கும். இரண்டு அம்புகளின் உவமையும் அந்நூலில் உண்டு. உடல் நோவு முதல் அம்பு. அதனை எண்ணிப் புலம்பி உள்ளம் நைதல் இரண்டாம் அம்பு. முதலாவதை விலக்க இயலாதாயினும் இரண்டாவதை விலக்கலாம் என்பது கருத்து.

ஜேர்மனியிற் பிறந்து 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிக தேரர், இத்தியானத்தை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954இல் கொழும்பில் வெளியாயிற்று. அதன் வாயிலாக மேலைநாட்டார் பலர் இதனை அறிந்தனர். 1979இல் அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபற்-சின் என்பவர், சமயச் சார்பின்றி இதனை நோயாளர்க்குப் பயிற்றத் தொடங்கினார். வழக்கமான சிகிச்சையாற் குணமடையாத 51 பேரைப் பற்றி அவர் 1982இல் எழுதினார். முதுகு நோவு, கழுத்து நோவு ஆகியவற்றோடு தலையிடியும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட நோவுகளுள் ஒன்றாகும். 10 வாரங்களின் பின் அவர்களுள் 65 சதவீதத்தினர்க்கு நோவின் அளவு மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. எனினும், ஒப்புநோக்க வேறொரு குழு அவ்வாய்வில் இருக்கவில்லை.

அக்குறையை நீக்கிய ஆய்வொன்று 2020இன் இறுதியில் அமெரிக்காவில் வெளியாயிற்று. ஒற்றைத் தலையிடியுற்ற 89 பேர் இரு குழுவினராகப் பிரிக்கப்பட்டு, 8 வாரங்கள் ஒரு குழு தியானமும் மற்றையது தலையிடி பற்றிய பாடமும் பயின்றன. தலையிடி வரும் நாட்கள் இரு குழுவினர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவிற் குறைந்தன. ஆயினும் தியானம் பயின்றோர்க்கு நோவால் வேலை கெடுதலும், மனச்சோர்வும், நோவைப் பற்றிய பேரச்சமும் மற்றையோரினும் குறைந்தன. முதல் அம்பின் அளவில் இரு குழுவினர்க்கும் வேறுபாடில்லை. இரண்டாம் அம்பின் வலியே தியானத்தால் தணிந்தது.

இவ்வேறுபாடு சிறிதன்று. தலையிடிக்குக் காயமுமில்லை, கட்டுமில்லை. அதனால் வருந்துவோரைச் சோம்பேறி என்று வீட்டாரே கருதுவதுண்டு. துறைமுக வெயிலிற் கண்கூச உழைப்பவர் குளிசையை நாடுவதும் இயல்பே. ஆனால் சாதாரண நோவுக் குளிசையையும் மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் தொடர்ந்து விழுங்கின், அக்குளிசையே தலையிடியை வளர்க்கும். திடீரென எழும் கடுந் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கைகால் சோர்தல் ஆகியவை காணின் உடனே வைத்தியரை நாடல் வேண்டும். அங்கே தியானம் மருந்தாகாது.

மற்றை நாட்களில் அமைதியாக அமர்ந்து மூச்சை நோக்குதலும், நோவு எங்கே எழுகின்றது, எவ்வாறு துடிக்கின்றது, எப்போது தணிகின்றது என்று கவனித்தலும் எவர்க்கும் இயலும். அதற்குப் பொருட்செலவில்லை, சமயவேறுபாடுமில்லை. ஒருகாலத்தில் பெரியகுளத்தருகே தமிழர் விளக்கேற்றிப் போற்றிய நெறியின் பயன், அவர் வழிவந்தோர்க்கும் உரியதே.