கள்ளுக்கடைச் சாவி யார் கையில்?

மதுவை ஆக்குகிறவர் ஒருவர். மொத்தமாக வாங்குகிறவர் ஒருவர். கடையில் ஊற்றிக் கொடுக்கிறவர் இன்னொருவர். இந்த மூவரும் ஒருவரோடொருவர் எப்படி வியாபாரம் செய்ய வேண்டும் என்பதற்கு உலகின் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. அரிசிக்கும் பருப்புக்கும் இல்லாத இந்தக் கெடுபிடி மதுவுக்கு மட்டும் ஏன்? விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். போர்ட் கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் கதையே போதும்.

1901-இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்துக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் பெயர். ரப்பர் அங்கிருந்து கப்பலேறிப் போனது. தென்னிந்தியத் தொழிலாளர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் கங்காணிகளோடு தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு லயம், ஒரு கோயில், ஒரு மருந்துக் கொட்டகை. கூடவே ஒரு கள்ளுக்கடை.

கள் மற்றச் சரக்கைப் போன்றதல்ல. காலையில் இறக்கியதை அன்றைக்கே விற்றாக வேண்டும். விட்டால் புளித்துக் காடியாகிவிடும். பதுக்கி வைத்து விலை பேச முடியாது. அதனால் மரத்துக்காரர், பாளை சீவுகிறவர், கடைக்காரர் மூவரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர் கரையோரம் தென்னைக்குப் பேர்போனது. ரப்பர் தோட்டங்களோ பக்கத்திலேயே இருந்தன. சரக்குக்கும் பஞ்சமில்லை, குடிக்கிற வாய்க்கும் பஞ்சமில்லை! இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது அரசாங்கத்தின் உரிமம்.

மலாயாவில் ஆங்கிலேய ஆட்சி தொடக்கத்தில் கையாண்டது குத்தகை முறை. அபின், சாராயம், சூதாட்டம் போன்றவற்றில் வசூல் செய்யும் உரிமையை அதிகத் தொகை கேட்டவருக்கு விட்டுவிடுவது. குத்தகைக்காரர் அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மீதியைத் தாம் எடுத்துக்கொள்வார். எவ்வளவு அதிகம் விற்கிறாரோ அவ்வளவு லாபம் என்றால், 'போதும் தம்பி, வீட்டுக்குப் போ' என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்?

பிறகு அரசாங்கக் கள்ளுக்கடைகளும், தோட்ட நிர்வாகமே உரிமம் எடுத்து நடத்தும் கடைகளும் வந்தன. சொல்லப்பட்ட காரணம் நியாயமாகத்தான் இருந்தது. தனியார் கலப்படம் செய்கிறார்கள். தொழிலாளி கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறான். எனவே நல்ல கள்ளை மேற்பார்வையில் விற்போம், லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுவோம் என்றார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். கூலி கொடுப்பது துரையின் நிர்வாகம். கள் விற்பதும் அதே நிர்வாகம். வலது கையால் கொடுத்த காசு மாலையில் இடது கைக்குத் திரும்பியது. தொழிலாளியின் குழந்தைக்குக் கிடைக்கும் நலன், அவன் எவ்வளவு குடிக்கிறான் என்பதைப் பொறுத்தது என்றால் அதை நலன் என்று சொல்வதா?

இதே காலத்தில் அமெரிக்கா என்ன செய்தது? அங்கே 1920-இல் மதுவிலக்கு வருவதற்கு முன்பு, பீர் ஆலைகள் பல மதுக்கடைகளைத் தங்கள் பிடியில் வைத்திருந்தன. கடன் கொடுத்தன, மேசை நாற்காலி கொடுத்தன, பதிலுக்குத் தங்கள் சரக்கை மட்டும் விற்கச் சொல்லி நெருக்கின. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது பல மாநிலங்கள் ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை மூன்றையும் சட்டத்தால் பிரித்தன. ஒருவர் மற்றவரின் கடையில் பங்கு வைத்துக்கொள்ளத் தடை. இதனால் நடுவில் நின்ற மொத்த வியாபாரிகள் கொழுத்தார்கள் என்ற குறை அங்கே இன்றும் உண்டு. அது வேறு வழக்கு. அமெரிக்கா பிரித்து வைத்ததை மலாயாத் தோட்டம் சேர்த்துக் கட்டியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்க ஆலை முதலாளியாவது குடிப்பவருக்குக் கூலி கொடுக்கும் எஜமானர் அல்லர்.

அந்தக் கட்டை அவிழ்க்கக் கிளம்பியவர்கள் கிள்ளான் தொழிலாளர்கள். தமிழகத்தில் 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தது. 1941-இல் போரினால் ரப்பருக்குப் பெரும் கிராக்கி; கூலியோ ஏறவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர், தொழிலாளர்களைத் திரட்டினார். கோரிக்கைகள் 12. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய அவமானத்துக்கு முடிவு. இவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று.

இதை வெறும் ஒழுக்கப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் ஒரே பட்டியலில் இருந்ததற்குக் கணக்கு இருக்கிறது. கடை திறந்திருக்கும் வரை, உயர்த்திக் கொடுத்த கூலியும் வந்த வழியே திரும்பிவிடும். கையெழுத்துப் போடத் தெரியாத தொழிலாளிக்குக்கூட இந்தக் கணக்குப் புரிந்திருந்தது!

1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கள்ளுக்கடைகள் மூடப்படவில்லை. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தபோதும் போலீஸ்தான் பதில் சொன்னது.

சுதந்திர மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டம் வந்தது. மொத்த விற்பனைக்கு ஓர் உரிமம், சில்லறைக்கு வேறு உரிமம், அவற்றை வழங்க உரிம வாரியங்கள் என்று ஏற்பாடு ஆனது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடத்துக்குச் சம்சு வந்தது. கள்ளைப் போல அது மறுநாள் புளிக்காது. புட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, பல கை மாறி மளிகைக் கடை அலமாரி வரை போகும். குடும்பங்களை அது அழிப்பதைக் கண்டு பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது.

கை மாறும் இடங்கள் கூடக்கூட, எந்தக் கையில் நஞ்சு சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதும் கடினம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது பலரைப் பலிவாங்கியது. இறந்தவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.