கொல்லூர் வைரமும் கூலியாளரும்

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் வைரம் பதிப்பதில்லை. ஆயினும் அதன் சரிகைக்கும் வைரத்துக்கும் உறவுண்டு. வெள்ளிக் கம்பியைப் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் துளைகளின் வழியே இழுத்து மயிரிழையாக்குகின்றனர். அத்துணை நுண்ணிய துளை இரும்பில் இட்டால் தேய்ந்துவிடும். எனவே வைரத்தில் துளையிட்ட அச்சுகள் தேவைப்படுகின்றன. பிறகே கம்பி தட்டையாக்கப்பட்டுப் பட்டு நூலின்மேல் சுற்றப்பெறுகிறது. நமக்குச் சரிகை அனுப்பும் சூரத் நகரமே உலக வைரங்களில் பெரும்பகுதியைப் பட்டை தீட்டுகிறது என்பதும் இங்கே கருதத்தக்கது.

வைரம் அணிகலன் மட்டுமன்று, கருவியும் ஆகும். யூதாவின் பாவம் வைர முனையால் நெஞ்சில் பொறிக்கப்பட்டுள்ளது என்று எரேமியா (17:1) உரைத்தபோது எழுத்தாணியையே எண்ணினார். அவர் சொன்ன கல் இன்றைய வைரந்தானா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. அழியாத எழுத்து என்னும் பொருளில் ஐயமில்லை. அத்தகைய எழுத்தொன்று நம் சென்னையின் வரலாற்றிலும் உண்டு.

1720களில் பிரேசிலில் வைரம் கண்டறியப்படும்வரை உலகுக்கு அதனை வழங்கியது பெரும்பாலும் இந்தியாவே. கோல்கொண்டா வைரம் என்பது சந்தையின் பெயர். கல் கிடைத்ததோ கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் போன்ற ஊர்களில். 17ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, கொல்லூரில் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்ததாக எழுதுகிறார். ஆண்கள் தோண்டினர், பெண்களும் சிறுவரும் மண் சுமந்தனர். மற்றொரு சுரங்கத்தில், தொழில் நன்கறிந்தவனுக்கும் ஆண்டுக்கு மூன்று வராகனே கூலி. கண்ணின் ஓரத்தில் கல்லை ஒளித்து அகப்பட்ட ஒருவனைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார். ஏழாம் கட்டளையை விளக்கும்போது நாம் இவனைத்தான் முதலில் நினைக்கிறோம். கூலியைப் பிடித்துக்கொண்டவனின் பெயரையும் அதே கட்டளையின்கீழ் எழுத வேண்டும் என்பது யாக்கோபு திருமுகத்தைப் (5:4) படித்தவர்க்குத் தெரியும்.

கொல்லூரில் கிடைத்த 410 காரட் கல்லொன்றை, புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட் 1702இல் ஜாம்சந்த் என்னும் வணிகரிடம் வாங்கினார். கேட்ட விலை இரண்டு இலட்சம் வராகன். முடிந்த விலை 48,000. தவெர்னியே குறித்த கூலிக்கு அது பதினாறாயிரம் ஆண்டு உழைப்பு! கல்லை எடுத்த அடிமை அதைத் தன் காலின் புண்ணுக்குள் மறைத்துத் தப்பினான் என்றும், கப்பல் தலைவன் ஒருவன் கல்லைப் பறித்து அவனைக் கடலில் எறிந்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதைக்குச் சான்றில்லை. பழிச்சொல் மட்டும் பிட்டை விடவில்லை. நேர்மையாகவே வாங்கியதாக 1710இல் அவர் எழுதி வைக்க நேர்ந்தது.

இலண்டனில் அறுத்துத் தீட்டப்பட்ட கல் 140 காரட்டாகக் குறைந்தது. 1717இல் பிரான்சின் அரசுப் பொறுப்பாளரான ஓர்லேயான் கோமகன் அதை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். அன்று முதல் அதற்கு 'ரீஜன்ட்' என்று பெயர். பிட்டின் பேரனும் கொள்ளுப்பேரனும் இங்கிலாந்தின் பிரதமர்களாயினர். நெப்போலியன் கல்லைத் தன் வாளில் பதித்தான். 2025 அக்டோபரில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் புகுந்த திருடர்கள் அரச நகைகள் பலவற்றைக் கவர்ந்தனர். ரீஜன்டோ அவர்கள் கைக்குத் தப்பியது.

கொல்லூர் இன்று புலிச்சிந்தல அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. அங்கே மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் நாம் காண்பதில்லை.