கழற்றிய சைக்கிள், கட்டிய சைக்கிள்

1885-ல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர்தான் இன்றைய சைக்கிளுக்கு மூதாதை. அதன் பின்சக்கரத்தில் பல்சக்கரம் அசையாமல் இறுகியிருந்தது. வண்டி ஓடும்வரை பெடல் சுற்றும். காலும் சுற்றியாக வேண்டும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு போக விடும் ஃப்ரீவீல் 1900-ஐ ஒட்டித்தான் பரவிற்று. பழைய ஏற்பாடு பந்தய மைதானத்தில் தங்கிவிட்டது. ஜப்பானில் 1948-ல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயச் சைக்கிளுக்கு இன்றும் பிரேக் கிடையாது.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் நியூயார்க்கில் ஆபீஸுக்கு ஆபீஸ் உறை கொண்டுபோன பையன்கள். பழுதாக அதிக உறுப்பில்லை என்பது அவர்கள் கணக்கு. 1987-ல் மேயர் காக் மூன்று அவென்யூக்களில் பகலில் சைக்கிளையே தடுக்கப் பார்த்தார்; கோர்ட் விடவில்லை. 2000-க்குப் பின் இது உடுப்பைப் போல ஒரு மோஸ்தர். லண்டனிலும் ஜகார்த்தாவிலும் இளைஞர்கள் கைப்பிடியைக் குறுக்கினார்கள், சக்கரத்துக்கு வர்ணமடித்தார்கள், பிரேக்கைக் கழற்றினார்கள். 2025-ல் சியோலில் ஒரு பள்ளி மாணவன் இறந்தபின் அங்கே போலீஸ் கெடுபிடி.

நாஞ்சில் நாட்டில் நான் பார்த்த சைக்கிள் சரித்திரம் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. இங்கே எல்லாம் சேர்ப்புதான். ஹெர்குலிஸோ ராலேயோ வாங்கியவுடன் கனத்த கேரியர், ஸ்டாண்டு, டைனமோ, செயின் கவர். வடசேரிச் சந்தைக்கு வரும் வண்டியில் இருபுறமும் வாழைக்குலை தொங்கும்; ஏறி உட்கார இடமிருக்காது, ஆள் தள்ளிக்கொண்டே வருவான். கடற்கரையிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு கிழக்கே தோவாளைப் பக்கம் போனால் சமதரை. ஆனால் ஆடி மாதம் திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழிக் காற்று எதிரே நிற்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு என்றால் ஏற்றமும் இறக்கமும். இறக்கத்தில் ஃப்ரீவீல் கிர்ரென்று சத்தமிடுகிற அந்த இரண்டு நிமிஷம்தான் மீன்காரனுக்கு ஓய்வு. அந்தச் சத்தத்தை வேண்டாமென்று கழற்றிவைக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்க முடியும்? நியூயார்க் பையனும் கூலிக்காரன்தானே என்று கேட்கலாம். அவன் சுமந்தது காகிதம்.

பிரேக் இல்லாத சைக்கிள் நமக்குப் புதிதுமல்ல. மணிக்கணக்கு வாடகை வண்டிகளில் கட்டை தேய்ந்துபோயிருக்கும். செருப்பை டயரில் வைத்துத்தான் நிறுத்துவோம். அதற்கு மோஸ்தர் என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சில பையன்கள் மட்கார்டைக் கழற்றிப் பார்த்ததுண்டு. முதல் மழையில் முதுகெல்லாம் சேறு. (நம் புதுக்கவிதைக்காரர்களும் ஒரு காலத்தில் கழற்றிக்கொண்டே போனார்கள். மிஞ்சிய வண்டியில் எதை ஏற்றுவது என்ற பேச்சு மட்டும் எழவில்லை.)

நிற்காமல் ஓட்டுவதையே வித்தையாக்கியவனும் தமிழ்நாட்டில் உண்டு. ஊர்ப் பொட்டலில் நாள்கணக்கில் தரையில் கால் ஊன்றாமல் சுற்றுவான். குளியல், சாப்பாடு எல்லாம் சைக்கிள் மேல். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. கடைசி நாள் துண்டில் விழுகிற சில்லறைக்குத்தான் அத்தனையும்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கென்று செய்த வண்டியில் நடுக்கம்பி கிடையாது. பலர் அதை விட்டு ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். சேலையோடு ஏறுவது சிரமம்தான்; குழந்தையை உட்காரவைக்கக் கம்பி வேண்டியிருந்தது. கேரியரில் தண்ணீர்க் குடம்.