அங்கவடி மூக்குக் கலயம்

அங்கவடி மூக்குக் கலயம் என்பது தென் அமெரிக்காவின் அந்தீசு பகுதியில், சிறப்பாகப் பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில், ஐரோப்பியர் வருகைக்கு முன்னர் செய்யப்பட்ட ஒரு வகைச் சுடுமண் கலம் ஆகும். இதன் உடலிலிருந்து இரு குழாய்கள் வளைந்தெழுந்து மேலே ஒன்றுகூடி, ஒரே மூக்காக நிமிர்கின்றன. இவ்வளைவு குதிரைச் சேணத்தின் அங்கவடியை ஒத்திருப்பதால் பிற்காலத்தார் இப்பெயரை இட்டனர். கலயத்தைச் செய்த மக்கள் குதிரையைக் கண்டதே இல்லை.

வரலாறு

இவ்வடிவம் கி.மு. இரண்டாம் ஆயிரவாண்டிலேயே தோன்றிவிட்டது. குப்பிசுனிக்கே, சாவின் பண்பாடுகளில் வளர்ந்து, ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை நிலவிய மோச்சே பண்பாட்டில் உச்சம் அடைந்தது. பின்னர் சிமூ மக்கள் இதைக் கருநிறக் கலயங்களாகச் செய்தனர். எசுப்பானியர் வருகைக்குப் பின் சில காலத்தில் இம்மரபு அற்றுப்போனது.

மோச்சே கலயங்களைக் காலவரிசைப்படுத்த மூக்கின் வடிவமே முதன்மைச் சான்றாகப் பயன்பட்டது. பெரு நாட்டு ஆய்வாளர் ரஃபயெல் லார்க்கோ ஓயிலே 1948இல் இதன் அடிப்படையில் ஐந்து கட்டங்களை வகுத்தார். பிற்காலக் கரிமக் காலக்கணிப்புகள் இக்கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையும், எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் அவை பொருந்தாமையையும் காட்டியுள்ளன. எனினும் அருங்காட்சியகங்கள் இன்றும் அவ்வெண்களையே கையாளுகின்றன.

செய்முறை

குயவர் சக்கரம் அந்தீசு மக்களுக்குத் தெரியாது. மோச்சே குயவர் இரு பாதிகளாலான அச்சில் களிமண்ணை அழுத்தி உடலைச் செய்து, மூக்கைத் தனியே உருவாக்கி ஒட்டினர். பெரும்பாலானவற்றில் வெண்மஞ்சள், செம்பழுப்பு ஆகிய இரு நிறங்களே காணப்படும். குறுகிய மூக்கு நீர் ஆவியாதலைக் குறைக்கும்; வளைவு, தூக்கிச் செல்லக் கைப்பிடியாகவும் உதவும். ஆயினும் இதனை வெறும் தண்ணீர்க் குடுவையாகக் கொள்வது பொருந்தாது. சிறந்த கலயங்கள் கல்லறைகளில் இறந்தோருடன் வைக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றில் முன்னரே பயன்படுத்தப்பட்டதற்கான தேய்மானம் உண்டு.

சடங்குப் பொருள்

எழுத்து முறை இல்லாத மோச்சே மக்களின் சமயத்தை அறிய இக்கலயங்களின் ஓவியங்களே பெரிதும் துணைபுரிகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது பலிச் சடங்குக் காட்சி. இதில் போர்க்கைதிகளின் கழுத்து அறுக்கப்படுகிறது. பறவை உருவினர் ஒருவரும் பெண் பூசாரி ஒருவரும் உடனிருக்க, ஒளிக்கதிர் சூழ்ந்த தலைவருக்குக் குருதி நிறைந்த கிண்ணம் அளிக்கப்படுகிறது. 1970களில் அமெரிக்க ஆய்வாளர் கிறித்தபர் டானன் பல கலயங்களில் இக்காட்சி திரும்பத் திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டினார். இது வெறும் புராணக் கதையா என்னும் ஐயம் அப்போது இருந்தது.

1987இல் சிப்பான் என்னும் இடத்தில் வால்டர் ஆல்வா அகழ்ந்தெடுத்த தலைவரின் கல்லறையில், ஓவியத்தில் கண்ட அணிகலன்கள் அப்படியே கிடைத்தன. 1991இல் சான் ஓசே டெ மோரோவில் பெண் பூசாரியின் கல்லறை, அவருக்குரிய தலையணியுடனும் கிண்ணத்துடனும் வெளிப்பட்டது. 1995 முதல் ஊவாக்கா டெ லா லூனா கோயிலின் முற்றமொன்றில் 70க்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் அகழப்பட்டன. சில, பெருமழையால் படிந்த சேற்றில் கிடந்தன. அருகே, கழுத்தில் கயிறு பூண்ட கைதிகளின் களிமண் உருவங்கள் வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருந்தன. ஓவியர்கள் வரைந்தது நடந்த சடங்கையே என்பது இவற்றால் உறுதியாயிற்று.

மனித முகக் கலயங்கள் தனிச்சிறப்பு உடையவை. இவை பொதுவான முகங்கள் அல்ல. குறிப்பிட்ட ஆட்களின் சாயல்கள். உதட்டில் தழும்புள்ள ஒருவரின் முகம், சிறுவயது முதல் நடுவயதை நெருங்கும் வரை, 40க்கும் மேற்பட்ட கலயங்களில் உள்ளது. இவ்வாறு சிறப்பிக்கப்பட்டோரில் சிலர் பின்னர் கைதிகளாகவும் காட்டப்பட்டுள்ளனர் என்பது டானனின் கருத்து.

இரு குழாய்கள் ஒன்றாவதை, எதிரிணைகள் கூடும் அந்தீசு உலகப்பார்வையின் குறியீடாகச் சிலர் விளக்குகின்றனர். இது ஏற்கத்தக்க ஊகமே. நேரடிச் சான்று இல்லை.

கல்லறைக் கொள்ளை

உலக அருங்காட்சியகங்களில் உள்ள மோச்சே கலயங்களில் பெரும்பான்மை முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. எந்தக் கல்லறையில், யாருடைய உடலருகே இருந்தது என்பது தெரியாத கலயத்தின் சடங்குப் பொருளில் பாதி இழக்கப்பட்டுவிடுகிறது. சிப்பானிலும் கொள்ளையர் ஒரு கல்லறையைத் தோண்டிய பின்னரே ஆய்வாளர்கள் அங்கு வந்துசேர்ந்தனர்.