மெழுகிட்ட கிண்ணமும் மாத்திரையும்

குடிவெறியை எதிர்க்கத் திருச்சபைகள் நெடுங்காலம் நம்பியிருந்த கருவி உறுதிமொழியே ஆகும். 1832 செப்டம்பர் 1-ஆம் நாள் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்ஸியும் அவரைச் சேர்ந்தோரும், மது எவ்வகையாயினும் தொடுவதில்லை என்று கையொப்பமிட்டனர். 1877-இல் ஜெனீவாவில் போதகர் லூயி லூசியன் ரோஷா நீலச் சிலுவைச் சங்கத்தை நிறுவினார். இவ்வியக்கங்களால் மீட்படைந்த குடும்பங்கள் பல. ஆயினும் கையொப்பமிட்டுத் தவறியவரும், மீண்டும் இட்டு மீண்டும் தவறியவரும் எல்லாச் சபைகளிலும் இருந்தனர். அவர்களுக்கு நாம் சொல்லத்தக்கது யாது? இவ்வினாவுக்கு மருத்துவ வரலாறு ஒரு விடையைத் தேடிவந்திருக்கிறது. அதனை நாம் அறிந்திருத்தல் நலம்.

1804-இல் கப்பற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர் குடிவெறியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இப்பழக்கம் மனத்தைப் பற்றிய ஒரு நோய் என்பதும், பிரசங்க மேடையின் கண்டனம் மட்டும் அதனைத் தீர்க்காது என்பதும் அவர் கருத்து. 1827-இல் ராபர்ட் மக்னிஷ் என்னும் கிளாஸ்கோ மருத்துவர் எழுதிய நூலில் சுவையான செய்தியொன்று காணப்படுகிறது. ஸ்காத்லாந்து மலைநாட்டுத் தலைவர் ஒருவரிடம் அவருடைய மருத்துவர் ஒரு வாக்குறுதி பெற்றாராம். நாள்தோறும் தமது கிண்ணத்தில், முத்திரை பதியும் அளவுக்கு அரக்கு மெழுகை உருக்கி விடவேண்டும் என்பதே அவ்வாக்குறுதி. மெழுகு ஏற ஏற, கிண்ணம் கொள்ளும் மது குறைந்தது. குடியைச் சிறிதுசிறிதாகக் குறைக்கும் எண்ணம் புதியதன்று என்பதற்கு இது சான்று. ஆனால் மெழுகு கிண்ணத்தைச் சுருக்கியதேயன்றி வேட்கையைச் சுருக்கவில்லை. வேட்கையைச் சுருக்கும் பொருள் அக்காலத்தில் எவரிடமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் முதலில் வந்த மருந்து அச்சத்தை அடிப்படையாகக் கொண்டது. கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் ஆகிய இருவரும் குடற்புழுவுக்கு மருந்தாகுமோ என்று டைசல்ஃபிராம் என்னும் பொருளை ஆராய்ந்தனர். அதனைத் தாமே உட்கொண்டு பார்த்தபோது, சிறிதளவு மதுவும் தங்களை நோய்ப்படுத்துவதை உணர்ந்தனர். 1948-இல் இச்செய்தி வெளியாயிற்று. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருள் மேலும் சிதையாதபடி இம்மருந்து தடுக்கிறது. அதனால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி உண்டாகும். குடித்தால் துன்பம் வரும் என்னும் அச்சம் குடியைத் தடுக்கிறது. இதனைத் தவறாது உட்கொள்வோருக்கு, அதுவும் வீட்டார் ஒருவர் கண்முன் உட்கொள்வோருக்கு, இம்மருந்து இன்றும் பயன்படுகிறது. எனினும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பது எளிது; மருந்தின்மேல் குடிப்பதோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறொரு வழி பின்லாந்தில் பிறந்தது. அந்நாட்டில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீங்கியபின் மது வாணிபம் ஆல்கோ என்னும் அரசு நிறுவனத்தின் கையில் வந்தது. அந்நிறுவனத்தின் ஹெல்சின்கி ஆய்வுக்கூடத்தில் ஜான் டேவிட் சின்க்ளேர் என்னும் அமெரிக்கர் பல்லாண்டுகள் பணியாற்றினார். மதுவுக்குப் பழகிய எலிகளிடமிருந்து அதனைச் சிலகாலம் விலக்கிவைத்து மீண்டும் கொடுத்தால், அவை முன்னிலும் மிகுதியாகக் குடிக்கின்றன என்பதை அவர் 1968-இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். விலக்கிவைப்பதால் மட்டும் வேட்கை அழிவதில்லை என்பது இதனால் விளங்கிற்று.

மது மூளையில் எண்டார்ஃபின் என்னும் இயற்கைப் பொருளைச் சுரக்கச் செய்கிறது; அதன் இன்பமே பழக்கத்தை வலுப்படுத்துகிறது. நால்ட்ரெக்சோன் என்னும் மருந்து அவ்வின்பம் சென்று சேரும் வாயிலை அடைக்கிறது. எனவே குடிப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு முன் இதனை உட்கொண்டால், குடித்தும் வழக்கமான இன்பம் கிட்டாது. பலனற்ற செயல் மீண்டும் மீண்டும் நிகழ, பழக்கம் மாதக்கணக்கில் தேய்ந்துவரும் என்பது சின்க்ளேரின் வாதம். அச்சத்தால் தடுப்பதன்று, சுவையை இழக்கச் செய்வதே இதன் வழி.

1992-இல் பிலடெல்பியாவில் வால்பிசெல்லி முதலானோர் 70 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரும், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 54 விழுக்காட்டினரும் பழைய குடிக்குத் திரும்பினர். 1994-இல் அமெரிக்க அரசு இம்மருந்தைக் குடிநோய்க்கு அனுமதித்தது. 2013-இல் ஐரோப்பாவில் நால்மெஃபீன் என்னும் உறவு மருந்து, குடியைக் குறைப்பதற்கென்றே அனுமதி பெற்றது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் நால்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் குடிநோய்க்குரிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இதனை அற்புத மருந்தென்று நாம் பறைசாற்றலாகாது. பயன் நடுத்தரமானது, பயன் பெறாதோரும் உளர். அபின் சார்ந்த வலிநீக்கிகளை உட்கொள்வோர் நால்ட்ரெக்சோனைத் தொடலாகாது. கல்லீரல் நோயுடையோர்க்கு மருத்துவரின் கண்காணிப்புத் தேவை. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேர்ந்து உயிரும் போகலாம் என்பதையும் மறவாதிருப்போமாக. ஜெபக்கூட்டத்தின் முடிவில் ஒருவர் புட்டியை உடைத்தெறிந்தால் நாம் மகிழ்கிறோம். அன்றிரவே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடமையே.

முற்றிலும் விடுதலே பலருக்குப் பாதுகாப்பான இலக்கு. இதனை மருத்துவரும் மறுப்பதில்லை. ஆயினும் அவ்விலக்கை ஒரே தாவலில் அடைய இயலாதவரை நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா. நாளொன்றுக்கு ஒரு புட்டி குடித்தவர் கால் புட்டிக்கு இறங்கினால், அவருடைய மனைவி பெறும் அடி குறைகிறது, கூலியில் ஒரு பங்கு வீடு வந்து சேர்கிறது. உறுதிமொழி ஏடோ இவரையும் தவறியவர் பட்டியலிலேயே வைக்கும். விரும்புவதைச் செய்யாமல் வெறுப்பதையே செய்யும் மனிதனின் அவலத்தைப் பவுல் அடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் ஆழ்ந்து கண்டார். அந்த அவலத்தில் இருப்பவருக்குப் போதகர் மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை. மாத்திரை உட்கொள்வது விசுவாசக் குறைவன்று என்று சொல்லுதலும், இறங்கிவரும் ஒவ்வொரு படியிலும் அவருடன் நிற்றலும் அவர் பணியாகும்.