நுரையீரல் நோயும் நடைப்பயிற்சியும்

நுரையீரல் நோயாளிக்கு நடையையே மருந்தாகத் தரும் வழக்கம் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் சானடோரியங்களில் தொடங்கியது. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் 1850-களில் தம் நோயாளிகளை மலைப்பாதையில் அளவாக நடக்க வைத்தார். அவரிடம் சிகிச்சை பெற்று, பின்பு உதவியாளராகவும் இருந்த பீட்டர் டெட்வைலரோ, திறந்தவெளியில் சாய்வு நாற்காலியில் கிடப்பதே மருந்து என்றார். பெரும்பாலான சானடோரியங்கள் டெட்வைலர் வழியில் சென்றன.

இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் 1905 முதல் மார்கஸ் பேட்டர்சன் மாற்றுவழி கண்டார். முதலில் நடை; பிறகு கூடையில் மண் சுமப்பது; அடுத்துச் சிறிய மண்வாரி, பெரிய மண்வாரி; கடைசியில் குந்தாலி. காய்ச்சல் தலைகாட்டினால் வேலை நின்றுவிடும். நோயாளி படுக்கைக்குத் திரும்புவார்.

தமிழகத்தில் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் அமைத்தார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றிருக்கிறார். தாம்பரம் சானடோரியத்தை 1937-இல் அரசு ஏற்றது. அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. நல்ல காற்று, சத்தான உணவு, ஓய்வு ஆகிய மூன்றும்தான் அக்காலச் சிகிச்சை.

ஓய்வின் மீதிருந்த நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தது சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவுடன், நடமாடிக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். 1959-இல் முடிவு வெளியானபோது இரு பிரிவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. குணப்படுத்தியது மருந்து, கட்டில் அல்ல என்பது தெளிவானது.

காசநோய் குணமான பின்னும் தழும்பேறிய நுரையீரலால் பலருக்கு மூச்சு வாங்கும். பீடி, சிகரெட், விறகு அடுப்புப் புகை ஆகியவற்றால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் அப்படியே. இவர்களிடமும் மருத்துவர்கள் நெடுங்காலம் உடலை வருத்திக்கொள்ள வேண்டாம் என்றே சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் ஆல்வன் பராக் 1952-இல் ஆக்சிஜன் துணையோடு நடைப்பயிற்சியைப் பரிந்துரைத்தார். 1960-களில் டென்வரில் தாமஸ் பெட்டி என்பவர் பயிற்சி, மூச்சுப்பழக்கம், நோய் பற்றிய விளக்கம் மூன்றையும் ஒரே திட்டமாக்கினார்.

இன்றைய பயிற்சி ஓர் அளவெடுப்பில் தொடங்குகிறது. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் நோயாளி ஆறு நிமிடம் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி நடக்கிறார். கடந்த தூரமும், விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்சிஜன் அளவும் குறிக்கப்படுகின்றன. அதை வைத்து வாரம் இரண்டு மூன்று நாள், குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் நடை, சைக்கிள், கை கால்களுக்கான எடைப்பயிற்சி தரப்படுகிறது. மூக்கால் இழுத்த மூச்சை, விளக்கை அணைக்கக் குவிப்பதுபோல் உதடு குவித்து மெல்ல விடவும் பழக்குகிறார்கள்.

சிதைந்த நுரையீரலை இப்பயிற்சி மீட்பதில்லை. மூச்சு வாங்குமே என்று உட்கார்ந்தால் கால் தசை மெலியும். மெலிந்த தசை சிறு வேலைக்கும் கூடுதல் மூச்சைக் கேட்கும். தசை வலுப்பெற்றால் அந்தத் தேவை குறைகிறது. அதே நுரையீரலுடன் நோயாளி முன்னைவிட அதிக தூரம் நடக்கிறார்.